அன்பின் வட்டமும் முத்துக் கரையும்

புன்னைக்காயல் என்றவுடன் தமிழ் அச்சு வரலாறு அறிந்தோர் நெஞ்சில் எழும் பெயர் அண்டிரிக்கிப் பாதிரியார். போர்த்துக்கல் நாட்டில் என்றீக்கு என்றீக்கசு எனப் பெயர் பெற்ற அவர், 1546-ஆம் ஆண்டில் கோவாவுக்கு வந்து, மறு ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பெற்று, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் இக்கரையிலேயே வாழ்ந்து, 1600-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார். அவருடலைத் தூத்துக்குடி மண் ஏற்றுக்கொண்டது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1579-இல் கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’, 1586-இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ ஆகியவை அவர் தந்தவை. இந்திய மொழியொன்றின் எழுத்துகளில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூல் இவற்றுள் முன்னையது. அதன் பதினாறு பக்கங்களும் நம் மொழிக்கு வாய்த்த பெரும்பேறு.

இவையெல்லாம் நம் வட்டத்தார் நன்கறிந்த செய்திகள். அதிகம் பேசப்பெறாத செய்தி ஒன்றுண்டு. அண்டிரிக்கியார் யூத மரபில் வந்தவர். முதலில் பிரான்சிசுகு சபையில் சேர்ந்த அவர், அம்மரபினர் என்ற காரணத்தால் அதனை விட்டு வெளியேற நேர்ந்தது. 1545-இல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே அவர் கப்பலேறினார்.

இம்மனிதரை நம் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த அதே வரலாற்றுப் புயல், ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தின் தலைசிறந்த காதல் தத்துவ நூலொன்றையும் ஈன்றது. அதனை இயற்றியவர் லியோன் எபிரேயோ, அதாவது ‘எபிரேயராகிய லியோன்’ என்று இத்தாலியர் அழைத்த யூதா அபிரவனேல் என்னும் யூத மருத்துவர். அண்டிரிக்கியார் அந்நூலைப் படித்தார் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அன்பு எது, ஆதிக்கம் எது என்று பிரித்தறியும் வினா ஒன்றே இவ்விருவர் வாழ்விலும் நிற்கிறது என்பதையும், அவ்வினா நம் கரையின் வினாவும் ஆகும் என்பதையும் காட்டுவதே நோக்கம்.

நாடிழந்த தலைமுறை

யூதா அபிரவனேல் 1460-களில் லிசுபனில் பிறந்தார். தந்தை இசாக்கு அபிரவனேல் விவிலிய உரையாசிரியர். போர்த்துக்கீசிய மன்னரின் நிதிப்பொறுப்பைக் கவனித்தவர். 1483-இல் பிரகான்சா கோமகன் மன்னருக்கு எதிராகச் சதி செய்தார் என்று குற்றஞ்சாட்டப்பெற்றுத் தலை வெட்டப்பட்டபோது, இசாக்கின் மேலும் பழி விழுந்தது. அவர் காசுத்தீலுக்குத் தப்பியோடினார். மகனும் பின்தொடர்ந்தார். அப்பிரகான்சா குடும்பம் தலைமையிடமாகக் கொண்ட விலா விசோசா என்னும் ஊரில்தான் 1520-இல் அண்டிரிக்கியார் பிறந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1492-இல் இசுபானிய அரசர் யூதர் அனைவரையும் நாட்டை விட்டு வெளியேறப் பணித்தனர். யூதா அப்போது அரசவையோடு தொடர்புடைய புகழ்பெற்ற மருத்துவர். அவரைப் பிரிய மனமில்லாத சிலர், ஏறத்தாழ ஓராண்டு நிரம்பிய அவர் மகனைக் கவர்ந்து திருமுழுக்குக் கொடுத்துவிட்டால் தந்தை நாட்டில் தங்கிவிடுவார் எனத் திட்டமிட்டனர். செய்தியறிந்த யூதா, குழந்தையைச் செவிலித்தாயுடன் இரவோடிரவாகப் போர்த்துக்கல்லுக்கு அனுப்பினார். அங்கே மன்னர் இரண்டாம் ஜோவான் குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டார். 1497-இல் அடுத்த மன்னர் மனுவேல், யூதக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்துத் திருமுழுக்குக் கொடுக்க ஆணையிட்டார். அதனைத் தொடர்ந்து நாட்டிலிருந்த யூதர் அனைவரும் கட்டாயமாகக் கிறித்தவராக்கப்பெற்றனர். யூதாவின் மகனும் அவர்களுள் ஒருவன்.

அவ்வாறு மாற்றப்பெற்றோரும் அவர்தம் வழிவந்தோருமே ‘புதுக்கிறித்தவர்’ எனப்பட்டனர். திருமுழுக்குப் பெற்ற பின்னும் அவர்களைச் சமூகம் நம்பவில்லை. 1506-இல் லிசுபன் தெருக்களில் அவர்கள் கொன்று குவிக்கப்பெற்றனர். 1536-இல் போர்த்துக்கல்லில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பெற்றது. அண்டிரிக்கியார் வளர்ந்தது அவ்வச்சத்தின் நடுவில்.

மகனை இழந்த இரு தந்தையர்

யூத மெய்யியலில் அன்பு புதிய பொருளன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டு மேதை மைமோனிதெசு, ஒருவன் இறைவனை எவ்வளவு அறிகின்றானோ அவ்வளவே அவன் அன்பும் வளரும் என்றார். அறிவே முதன்மை, அன்பு அதன் நிழல் என்னும் இக்கொள்கை நெடுங்காலம் கோலோச்சியது. அதனை எதிர்த்து நின்றவர் அசுதாய் கிரெசுகாசு. 1410-இல் முற்றுப்பெற்ற ‘இறைவனின் ஒளி’ என்னும் நூலில், இறைவனின் சாரம் சிந்தனையன்று, நன்மையை வழங்குவதில் கொள்ளும் மகிழ்ச்சியே என்று அவர் வாதிட்டார். நிறைவு மிக மிக அன்பும் மிகும். ஆதலின் மாந்தர் இறைவனிடம் கொண்ட அன்பினும் இறைவன் மாந்தரிடம் கொண்ட அன்பே பெரிது என்பது அவர் துணிபு. குலமுதல்வர் இறைவனை நேசித்ததைச் சொல்லுமிடத்துத் திருமறை பொதுவான ஒரு சொல்லையும், இறைவன் அவர்களை நேசித்ததைச் சொல்லுமிடத்து வேட்கையைக் குறிக்கும் வலிய சொல்லையும் ஆள்கிறது என்று அவர் சுட்டிக்காட்டுவார். சொல்வேறுபாட்டிலிருந்து மெய்ப்பொருளைத் துருவியெடுக்கும் இம்முறை நம் உரையாசிரியர்களைப் பயின்றோர்க்கு அயலாகத் தோன்றாது.

இந்நூலை எழுதிய கிரெசுகாசு தம் மகனை 1391-ஆம் ஆண்டுக் கலவரத்தில் பார்சிலோனாவில் பறிகொடுத்தவர். அன்பே இறைவனின் சாரம் என்று சொன்னவர், அன்பு ஓங்கிய நாளொன்றில் அமர்ந்து அதைச் சொல்லவில்லை.

நூறாண்டு கழித்து யூதாவும் அதே துயரில் எழுதினார். 1503-இல் எபிரேய மொழியில் அவர் பாடிய ‘காலத்தின்மேல் முறையீடு’ என்னும் நெடும்பாடல், தொலைவில் அயலார் கையில் வளரும் மகனை நோக்கியது. மற்றொரு மகன் சிறு வயதிலேயே இறந்துவிட்டான். உயிரோடிருந்தும் கைக்கெட்டாத மகனுக்குத் தந்தை சொல்லும் அறிவுரை, முன்னோர் எழுத்தை மறவாதே என்பதே. தம் கல்வியும் நூல்களும் யாருக்கு உரியனவாகும் என்று அவர் ஏங்குகிறார். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று பயின்ற நாம், கடல் கடந்து மகனுக்காக இரங்கும் இப்பாடலின் திணையை எளிதில் உணர்வோம்.

பிலோனும் சோபியாவும்

அக்காலத்தில் இத்தாலி காதல் தத்துவத்தில் திளைத்திருந்தது. புளோரன்சு நகரத்து மார்சீலியோ பிசீனோ, பிளேட்டோவின் ‘விருந்து’ நூலுக்கு 1469-இல் வரைந்த உரை அறிஞரிடையே பரவியது. பீக்கோ தெல்லா மிராந்தோலா என்னும் இளைஞர், எலியா தெல் மெதீகோ போன்ற யூத அறிஞரை நாடிப் பயின்றார். அவர் தூண்டுதலால் யோகனான் அலெமானோ சாலமோனின் உன்னதப்பாட்டுக்குப் பேருரை எழுதினார். ஆண்பெண் காதலைப் பாடும் அப்பாட்டை இறைவனுக்கும் அவன் மக்களுக்கும் இடையிலான காதலாகக் கொள்வது யூத மரபு. திருக்கோவையாருக்குப் பேரின்பப் பொருள் காணும் தமிழ் மரபோடு இது ஒப்பு நோக்கத்தக்கது.

நேப்பிள்சிலும் செனோவாவிலும் பிற நகரங்களிலும் மருத்துவராக அலைந்த யூதா, 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய ‘அன்பு பற்றிய உரையாடல்கள்’ 1535-இல் உரோமையில் அச்சேறியது. பேசுவோர் இருவர். காதலன் பிலோன், காதலி சோபியா. கிரேக்கத்தில் முன்னது நேசிப்பவனையும் பின்னது அறிவையும் குறிக்கும். இரண்டு பெயரும் சேர்ந்தால் மெய்யியலின் பெயராகும்.

மூன்று உரையாடல்களுள் முதலாவது அன்புக்கும் ஆசைக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்கிறது. இல்லாததை விரும்புவது ஆசை. கையகப்பட்டதையும் நேசிக்கலாமன்றோ என்று தொடங்கும் வாதம் நுட்பமாக விரிகிறது. இரண்டாவது, விண்மீன் முதல் கல் வரை அனைத்தையும் பிணைப்பது அன்பே என்கிறது. மூன்றாவது அன்பின் பிறப்பை வினவுகிறது. ஆதியில் மாந்தர் ஆணும் பெண்ணும் ஒட்டிய உடலினராய் இருந்தனர் என்னும் பிளேட்டோவின் கதை, மோசேயின் முதல் நூலிலிருந்து கிரேக்கர் பெற்றதே என்று பிலோன் உரிமை கோருவது இங்கேதான். நாடிழந்தவன், தன் நூல் எல்லா நூலுக்கும் மூத்தது என்று சொல்லித் தலைநிமிரும் இடம் அது.

நூலின் உச்சம் ‘அன்பின் வட்டம்’ என்னும் கருத்து. அன்பு என்பது குறைவுடையது நிறைவுடையதை நாடுவது என்று பிளேட்டோ வழியினர் கூறினர். அப்படியாயின் குறைவற்ற இறைவன் அன்பு செய்வதெப்படி என்பது சோபியாவின் வினா. பிலோன் விடை கூறுகிறான்: தந்தை மகனையும் ஆசிரியன் மாணவனையும் நேசிக்கின்றனர், தமக்கு ஒன்று வேண்டி அன்று, அவர்கள் நிறைவடைய வேண்டி. கீழே உள்ளதன் குறை மேலே உள்ளதன் மீதும் நிழலாக விழுகிறது. ஆதலின் இறைவனிடமிருந்து அன்பு படிப்படியாக இறங்கி உருவற்ற மூலப்பொருள் வரை வருகிறது. அங்கிருந்து நிறைவை நாடும் அன்பாக மேலேறி இறைவனை அடைகிறது. இறங்குவது பாதி, ஏறுவது பாதி; இரண்டும் கூடி வட்டம்.

தொடர்புடையார்மேல் செல்வதை அன்பு என்றும், தொடர்பு கருதாது எவ்வுயிர்மேலும் செல்வதை அருள் என்றும் பகுத்தவர் பரிமேலழகர். வள்ளுவரோ அருளை அன்பு பெற்ற பிள்ளையாகக் கண்டார். லியோனின் வட்டத்தில் ஏறும் பாதியை அன்பு என்றும் இறங்கும் பாதியை அருள் என்றும் நாம் சொல்லிப் பார்க்கலாம். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. லியோனிடம் ஆண் தேடுகிறான், பெண் தேடப்படுகிறாள். புன்னைக்காயலிலிருந்து தாமிரபரணி வழியே சற்று மேலே சென்றால் வரும் ஆழ்வார்திருநகரியில், நம்மாழ்வார் தாமே தலைவியாகி நின்று இறைவனுக்கு ஏங்கினார். தேடுபவன் பெண்ணின் குரலைத் தனதாக்கிக்கொண்ட அத்துணிவு மறுமலர்ச்சிக்கால ஐரோப்பாவின் காதல் தத்துவ நூல்களில் அரிது.

ஓர் ஐயம்

இவ்வட்டத்தைக் கண்டு வியப்போர் ஓர் ஐயத்தையும் எழுப்ப வேண்டும். மேலோன் கீழோனை நிறைவாக்க விரும்புவதே அன்பு எனின், குழந்தையைத் தாயிடமிருந்து பறித்த மன்னனும் அதே வாதத்தைச் சொல்லலாமே? உன் ஆன்மா ஈடேறவே உன்னைப் பிடித்தேன் என்று அவனும் கூறலாமே? லியோனின் கோட்பாடு, அவர் மகனைக் கவர்ந்தோர் கைக்கே கருவியாகிவிடாதா?

இதற்கு லியோன் தனியே விடை எழுதவில்லை. ஆனால் நூலின் அமைப்பே விடையாக நிற்கிறது. மூன்று உரையாடல் முழுதும் பிலோன் சோபியாவை இரக்கிறான், அவள் இணங்கவில்லை. அவன் கல்வியை மதிக்கிறாள், மேலும் கேட்கிறாள், அவன் விடையில் இடைவெளி கண்டால் அங்கே வினாவை வைக்கிறாள். அவன் முறையிடுகிறானேயொழிய வற்புறுத்தவில்லை. நூல் முடிகிறது, கூடல் நிகழவில்லை. அடுத்துப் பேசுவோம் என்று எதிர்பார்க்க வைத்த நான்காம் உரையாடல் உலகுக்குக் கிடைக்கவில்லை. அன்பு செய்யப்படுபவர் மறுக்கலாம், வினவலாம், காத்திருக்கச் செய்யலாம். அவ்வுரிமை இருக்கும் வரையே அது அன்பு. மகனைப் பறிகொடுத்த தந்தை இதனை வேறெவரினும் நன்கறிவார்.

நூலின் பிற்கால வாழ்வும் இதையே உணர்த்துகிறது. 1541-இல் வெனிசில் வந்த பதிப்பு, ஆசிரியர் பின்னர்க் கிறித்தவரானார் என்று முகப்பில் அச்சிட்டது. முதற்பதிப்பில் அச்செய்தி இல்லை. நூலினுள்ளும் அவர் யூதராகவே பேசுகிறார். ஆகவே ஆய்வாளர் அதனை ஏற்பதில்லை. மகனுக்குச் செய்ததைத் தந்தையின் பெயருக்கும் செய்தனர் எனலாம். இதற்கு நேர்மாறாக, 1590-இல் அந்நூலை இசுபானியத்தில் பெயர்த்தவர், இசுபானிய வீரனுக்கும் பெரு நாட்டு இன்கா அரசகுலப் பெண்ணுக்கும் பிறந்த கார்சிலாசோ. தம் பெயரில் ‘இன்கா’ என்பதைப் பெருமிதத்தோடு பொறித்துக்கொண்டு அவர் அதை வெளியிட்டார். நாடிழந்த யூதனின் அன்பு நூலை நாடிழந்த இன்காவின் மகன் தன் நூலாக உணர்ந்தான்.

மூன்று உரையாடல் நூல்கள்

இனி நம் பக்கம் திரும்புவோம். யூத மரபினர் கைவண்ணத்தில் உருவான உரையாடல் நூல்கள் அதே நூற்றாண்டில் இந்திய மண்ணிலும் அச்சாயின.

ஒன்று, கார்சியா தா ஓர்த்தாவின் ‘மூலிகை உரையாடல்கள்’. 1563-இல் கோவாவில் அச்சானது. இசுபானியத்திலிருந்து விரட்டப்பெற்று, போர்த்துக்கல்லில் கட்டாயமாக மதம் மாற்றப்பெற்ற பெற்றோரின் மகன் அவர். 1534-இல் இந்தியா வந்த மருத்துவர். நூலில் புதிதாக வந்த மருத்துவன் ஒருவன் வினவுகிறான், ஓர்த்தா விடையிறுக்கிறார். கிரேக்க, அரபு ஆசான்கள் சொன்னதாயினும் இங்கே கண்ணால் கண்டதற்கு மாறாயின் ஏற்பதில்லை. முத்தைப் பற்றியும் ஓர் உரையாடல் அதில் உண்டு. பெருங்கவிஞர் கமோயிங்சு பாடிய பாடலொன்று அந்நூலின் முன்பக்கத்தை அணி செய்தது. 1560-இல் கோவாவில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பெற்றிருந்தது. ஓர்த்தா 1568-இல் இயற்கையாக இறந்தார். மறு ஆண்டு அவர் தங்கை எரிக்கப்பெற்றார். 1580-இல் ஓர்த்தாவின் எலும்புகளும் தோண்டியெடுத்து எரிக்கப்பெற்றன.

மற்றொன்று, எலும்பெரித்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் அண்டிரிக்கியார் கொச்சியில் அச்சிட்ட ‘கிரீசித்தியானி வணக்கம்’. மார்க்கோசு ஜோர்ஜ் என்பார் சிறுவர்க்கென உரையாடல் வடிவில் போர்த்துக்கீசியத்தில் எழுதிய ஞானோபதேசத்தின் தமிழாக்கம் அது.

மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். லியோனிடம் வினவுபவள் காதலி. விடை அவளுக்கு நிறைவு தராவிடில் வாதம் தொடரும். ஓர்த்தாவிடம் வினவுபவன் சக மருத்துவன்; விடையைச் சான்று சோதிக்கும். ஞானோபதேசத்தில் வினவுபவர் ஆசிரியர். விடை முன்னமே எழுதப்பெற்றிருக்கிறது. மாணவன் அதனை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். வடிவம் ஒன்று, உரிமை வேறு.

அண்டிரிக்கியாரின் மற்றோர் உரையாடல்

இதனால் அண்டிரிக்கியாரைக் குற்றக்கூண்டில் நிறுத்துவதாக எவரும் எண்ணவேண்டா. 1536, 1537-ஆம் ஆண்டுகளில் இக்கரைப் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றது, லிசுபனில் நடந்தது போன்றதன்று. முத்துச்சலாபத்தின் மீதான உரிமைப் போட்டியில் நெருக்குண்டு, போர்த்துக்கீசியர் காவலை நாடி, தம் குலத்தலைவர் வழியே அவர்கள் எடுத்த முடிவு அது. பின்னர் அவ்வேதத்தை உயிரினும் மேலாகப் போற்றி, பனிமய மாதாவைத் தம் தாயாகவே கொண்டாடி வருகின்றனர். ஆயினும் வேதத்தோடு பீரங்கிக் கப்பலும் வந்தது. முத்தில் அரசனுக்குப் பங்கும் கேட்கப்பெற்றது. இறங்கிவரும் அன்பில் அதிகாரம் கலந்திருந்தது என்பதை மறைப்பது வரலாறாகாது.

அக்கலப்பின் நடுவே அண்டிரிக்கியார் செய்த செயலொன்று தனித்து நிற்கிறது. அவர் தமிழைக் கேட்டுக் கற்றார். மொழிபெயர்ப்பாளன் வாய்வழிப் பேசி வந்த பாதிரிமார் நடுவே, தாமே அவர்கள் மொழியில் பேசவும் எழுதவும் துணிந்தார். 1549-ஐ ஒட்டிப் போர்த்துக்கீசியத்தில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஏட்டுத் தமிழை மட்டும் பார்த்து எழுதியதன்று. பரதவர் நாவில் வழங்கிய பேச்சுத்தமிழை விளக்குவது. அதன் கையெழுத்துப்படி லிசுபன் தேசிய நூலகத்தில் உள்ளது. அவ்விலக்கணம் தன்னளவில் ஓர் உரையாடல். இங்கே வினவுபவர் பாதிரியார். விடை தெரிந்தவர்கள் வலையும் தோணியும் கொண்ட மக்கள். ஆசிரியர் மாணவராகிறார். ஞானோபதேசத்தில் இறங்கிய பாதி வட்டம் இலக்கணத்தில் ஏறி நிறைகிறது. புன்னைக்காயலில் அவர் எழுப்பிய மருத்துவமனைக்கும், தமிழ் நூல்களை அச்சிடும் பணிக்கும் இம்மக்களே பொருள் தந்தனர் என்பதும் அவ்வட்டத்தின் பகுதியே.

அவரது சபையோ வட்டத்தை முறித்தது. யூதக் குருதி ஒரு தடையன்று என்று கருதியவர் அதன் நிறுவனர் இஞ்ஞாசியார். அவரையடுத்துத் தலைமை ஏற்ற லாயினெசும் அம்மரபினரே. ஆயினும் 1593-இல் அச்சபையின் பொதுப்பேரவை, யூத மரபினரை இனிச் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. அப்போது அண்டிரிக்கியாருக்கு எழுபத்து மூன்று வயது. சபைப் பணியில் நாற்பத்தெட்டு ஆண்டுகளை முடித்தவர். அவர் புன்னைக்காயலில்தான் இருந்தார். இளமையில் ஒரு சபை குருதி கேட்டு விலக்கியது. முதுமையில் மற்றொரு சபை, உம்மைப் போன்றோர் இனி வேண்டா என்றது. நடுவே இருந்த அரை நூற்றாண்டில் அவர் குருதி கேளாதவர்கள் இக்கரையின் மக்கள்.

நிறைவாக

1961-க்குப் பின் நம் கடலில் பெருஞ்சலாபம் நடைபெறவில்லை. முத்துக்காக வந்த அரசுகளும் போயின. அக்காலம் விட்டுச்சென்றவற்றுள் பதினாறு பக்கச் சிறுநூலொன்றும், பேச்சுத்தமிழ் இலக்கணமொன்றும் நம்மிடம் நிற்கின்றன. அவற்றின் பின்னே, முன்னோர் எழுத்தை மறவாதே என்று தன் மகனுக்குப் பாடிய தந்தையின் தலைமுறைத் துயரும் நிற்கிறது. முன்னோர் எழுத்தை இழந்த மரபில் வந்த ஒருவர், நம் முன்னோர் எழுத்தை ஈயத்தில் வார்க்கச் செய்தார்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் அமைப்பும் தன்னை வட்டம் என்றே அழைத்துக்கொள்கிறது. கூட்டங்களில் மூத்தோர் இளையோர்க்குத் திருத்தம் சொல்கிறோம். அன்பினால் சொல்கிறோம் என்றும் நம்புகிறோம். அத்திருத்தத்தை ஏற்காமல், ஏன் என்று கேட்கும் இளங்கவிஞரிடம் நமக்கு மகிழ்ச்சி பிறக்கிறதா, சினம் பிறக்கிறதா என்பதே லியோனின் நூல் நம்மிடம் வைக்கும் சோதனை. பதினொன்றாம் ஆண்டில் நம் அரங்கில் ஒப்பித்தல் குறைந்து, சோபியாவின் வினாக்கள் பெருகட்டும். அண்டிரிக்கியார் தம் முதுமை வரை இக்கரை மக்களிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டுக்கொண்டிருந்ததை நினைவில் கொண்டால், நம்முள் மூத்தவர்க்கும் கேட்பதில் நாணம் வேண்டியதில்லை.